ராட்டினத்தை இறக்கித் திரையை ஏற்றுதல்

சித்தூர், திருப்பதி நகரங்களின் பொருட்காட்சித் திடல்களுக்குத் தமிழ் பேசும் குடும்பமும் தெலுங்கு பேசும் குடும்பமும் ஏறத்தாழ ஒரே சொல்லைச் சொல்லித்தான் பிள்ளைகளை அழைத்துச் செல்கின்றன. தமிழில் ராட்டினம், தெலுங்கில் ராட்னம். நூல் நூற்கும் சக்கரம், கிணற்றில் நீர் இறைக்கும் உருளை, பிள்ளைகளை மேலே ஏற்றிக் கீழே இறக்கும் பொறி ஆகிய மூன்றையும் தமிழ் இந்த ஒரு பெயராலேயே குறித்து வந்திருக்கிறது. உழைப்புக்கும் களிப்புக்கும் ஒரே பெயரை வழங்கிய மக்கள், பொருளின் சுழற்சியைப் பார்த்துப் பெயரிட்டார்களேயன்றி, அதன்மேல் ஒட்டப்பட்ட படத்தைப் பார்த்துப் பெயரிடவில்லை. இன்று கேளிக்கைத் தொழிலின் சொற்களஞ்சியம் மாறிவிட்டது. தீம், பிராண்ட், ஐ.பி. என்பவையே அதன் தலைச்சொற்கள். ஐ.பி. என்பது அறிவுசார் சொத்தின் சுருக்கப்பெயர். நடைமுறையில் அதற்கு, வெற்றிபெற்ற திரைப்படம் ஒன்றின் பெயரையும் முகத்தையும் இசையையும் பயன்படுத்தும் உரிமை என்று பொருள்.

இத்தொழிலின் இன்றைய வேதம் எளிமையானது. பழைய சவாரி தேய்ந்துவிட்டது, கூட்டம் குறைந்துவிட்டது, புதிய கற்பனை ஒன்றை மக்கள் மனத்தில் பதியவைக்கக் காலமும் பணமும் வேண்டும், அவர்கள் ஏற்கெனவே அறிந்த திரைப்படம் ஒன்றை அதே இடத்தில் நிறுத்திவிட்டால் இரண்டும் மிச்சம். ஓர்லாண்டோவின் கேளிக்கைப் பூங்காக்களில் ஓதப்படும் இவ்வேதம் இந்தியாவுக்கும் புதிதன்று. 'பாகுபலி' படத்துக்காக எழுப்பப்பட்ட அரங்கங்கள் ஐதராபாத் அருகே ராமோஜி திரைப்பட நகரில் சுற்றுலாக் காட்சியாக நின்றன. நாள்தோறும் பல்லாயிரம் யாத்திரிகர் வந்திறங்கும் திருப்பதிக்கு இந்தச் சிந்தனை வராமல் இருக்கப்போவதில்லை. வருவதற்கு முன்பே அதனோடு வழக்காட வேண்டிய கடமை, அவ்வட்டாரத்தின் மொழியையும் கூத்தையும் வேடத்தையும் ஆய்வுப்பொருளாகக் கொண்டு பட்டம் பெறுவோருக்கு உண்டு.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய பொறியை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது என்பது மடமை. ஏறி இறங்கும் சுமையால் இரும்பு சோர்வுறும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒருநாள் முறிவாக மாறும். 2019 ஜூலை 14 அன்று அகமதாபாத்தின் காங்கரியா ஏரிக்கரையில் ஊசல்போல் ஆடும் சவாரி ஒன்று ஆடிக்கொண்டிருக்கும்போதே முறிந்து விழுந்தது; 2 பேர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். அத்தகைய பொறியின்மீது ஏக்கக் கவிதை எழுதுவோர் அதில் ஏறி அமரும் பிள்ளைகளை மறந்தவர்கள். எனவே பழைய சவாரி நிற்க வேண்டுமா, போக வேண்டுமா என்ற வினாவுக்கு விடை சொல்ல வேண்டியவர் பொறியாளர். அவர் போகட்டும் என்றால் போகட்டும். ஆனால் அந்த இடத்தில் வருவது ஏன் திரைப்படமாக இருக்க வேண்டும் என்ற வினாவுக்குப் பொறியாளரிடம் விடை இல்லை. முதல் வினாவுக்கான விடையைக் காட்டி இரண்டாவது வினாவையும் வென்றுவிட்டதாகப் பாவனை செய்வதே இவ்வேதத்தின் முதல் ஏமாற்று.

இதற்குத் தெளிவான சான்று புளோரிடாவின் எப்காட் பூங்காவில் உள்ளது. அங்கு நாடுகளுக்கென அமைந்த பகுதியில் நார்வேயின் அரங்கம் ஒன்று உண்டு. 1988இல் அதனுள் 'மேல்ஸ்ட்ராம்' என்ற படகுச் சவாரி தொடங்கப்பட்டது. வைக்கிங்குகள், நாட்டார் கதைகளின் பூதங்கள், பனிக்கரடிகள், வடகடலின் எண்ணெய்க் கிணற்று மேடை எனப் படகு கடந்துசெல்லும். பூதங்களின் மந்திரத்தால் ஓரிடத்தில் பின்னோக்கியும் ஓடும். இறங்கிய பின் நார்வேயைப் பற்றிய குறும்படம் ஒன்று காட்டப்படும். 2014 அக்டோபரில் அது மூடப்பட்டது. 2016 ஜூனில் அதே இடத்தில், 2013இல் வெளிவந்த 'ஃப்ரோசன்' படத்தை அடியொற்றிய சவாரி திறக்கப்பட்டது. அதே கால்வாய், அதே வகைப் படகு, அதே பின்னோட்டம். எலும்பு பழையது, தோல் புதியது. பழைமையால் மாற்றினோம் என்ற வாதம் இங்கேயே உடைந்துவிடுகிறது. மாற்றப்பட்டது பொறி அன்று, பொருள். நார்வே என்ற மெய்யான நாட்டின் வீட்டுக்குள், அரெண்டெல் என்ற, உலகப்படத்தில் எங்கும் இல்லாத அரசு குடிவைக்கப்பட்டது. அரங்கத்தின் வாசலில் நார்வேயின் பெயர் இன்றும் இருக்கிறது. உள்ளே நீண்ட வரிசையில் நிற்கும் குழந்தை பார்க்கப்போவது நார்வேயை அன்று.

இதை மொழியியலின் கண்கொண்டு பார்த்தால் சிக்கல் இன்னும் துலங்கும். ஒரு சொல்லைப் பயன்படுத்துவது வேறு. அச்சொல்லை மேற்கோளாக எடுத்துக்காட்டுவது வேறு. ராட்டினம் ஒரு கூற்று. அது சுழலும்போது, ஏறியவரின் வயிற்றில் எழும் திடுக்கிடலே அதன் பொருள். அப்பொருளை உணர வேறு எதையும் முன்னரே பார்த்திருக்க வேண்டியதில்லை. திரைப்படச் சவாரி ஒரு மேற்கோள். அதன் சுவை, ஏறியவர் எங்கோ ஓர் இருட்டறையில் ஏற்கெனவே கண்ட காட்சியை நினைவுகூர்வதில் இருக்கிறது. படம் பார்க்காதவருக்கு அது பாதி ஊமை. தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் ஆகுபெயரைப் பேசுகிறார். ஒன்றன் பெயர் அதனோடு இயைபுடைய பிறிதொன்றுக்கு ஆகிவருவது அது. ஊரின் பெயர் ஊராருக்கு ஆகிவருவதை நாம் அறிவோம். திரைப்படத் தீம் இந்த உறவைத் தலைகீழாக்குகிறது. படத்தின் பெயர் ஊருக்கு ஆகிவரத் தொடங்குகிறது. காட்டைக் காட்டி, இது இன்ன படத்தின் காடு என்று சொல்லும் நிலை வந்தபின், அந்தக் காட்டுக்குச் சொந்தமாகச் சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை.

வணிகர்கள் இதைக் கேட்டுப் புன்னகைக்கக்கூடும். மேற்கோளாக இருந்தால் என்ன, கூட்டம் வருகிறதே என்பார்கள். கூட்டத்தின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஓர்லாண்டோவின் யுனிவர்சல் பூங்காவில் 'ஜாஸ்' படத்தின் சுறாச் சவாரி 1990இல் வந்தது. 2012 ஜனவரியில் போனது. அவ்விடத்தை 2014இல் ஹாரி பாட்டரின் தெரு பிடித்துக்கொண்டது. அதே பூங்காவில் 'பேக் டு த ஃப்யூச்சர்' சவாரி 1991இல் வந்து 2007இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே அக்கட்டடத்தில் 'சிம்ப்சன்ஸ்' ஏறியது. தேய்ந்த சவாரிக்கு மருந்தாகத் திரைப்படம் பரிந்துரைக்கப்படுகிறது. அம்மருந்தே பின்னர் நோயாகிறது. அதற்கு மருந்தாக இன்னொரு திரைப்படம் பரிந்துரைக்கப்படுகிறது. இரும்புக்கு ஒரு முதுமைதான் உண்டு. திரைப்படச் சவாரிக்கு இரண்டு முதுமைகள்: பொறியின் முதுமை, படத்தின் முதுமை. இரண்டாவது பெரும்பாலும் முந்திக்கொள்கிறது.

இதற்கு எதிர்நிலையில் நிற்பது கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் 1967இல் திறக்கப்பட்ட கரீபியக் கடற்கொள்ளையர் சவாரி. அது எந்தப் படத்தையும் அடியொற்றியதன்று. சிற்பிகளும் ஓவியர்களும் பொறியாளர்களும் தாமே கற்பித்த உலகம். முப்பத்தாறு ஆண்டுகள் அது தன் காலிலேயே நின்றது. 2003இல் அச்சவாரியிலிருந்து திரைப்படம் பிறந்தது. பின்பு நடந்ததுதான் வேடிக்கை. 2006இல் அப்படத்தின் நாயகனுடைய பொம்மையைச் சவாரிக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெற்ற பிள்ளை தாயின் வீட்டில் வாடகைக்காரனாக நுழைந்து, பெயர்ப்பலகையை மாற்றிய கதை இது. திரைக்குக் கதை கொடுக்கும் ஆற்றல் சவாரிக்கு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை; அவ்வாற்றலைத் தொழிலே நம்புவதில்லை என்பதற்கும் இதுவே சான்று.

எதிர்ச்சான்று ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டிஸ்னியின் 'ஸ்பிளாஷ் மவுண்டன்' சவாரி 1946இல் வெளிவந்த 'சாங் ஆஃப் த சவுத்' படத்தைச் சார்ந்தது. அடிமைமுறைக்குப் பிந்தைய அமெரிக்கத் தென்மாநிலத்துக் கறுப்பின மக்களின் வாழ்வை இனிப்புப் பூசிக் காட்டியதாக நெடுங்காலம் கண்டிக்கப்பட்ட படம் அது. 2023இல் அச்சவாரி அமெரிக்காவின் இரு பூங்காக்களிலும் மூடப்பட்டது. 2024இல் அவ்விடங்களில், கறுப்பின நாயகியைக் கொண்ட 2009ஆம் ஆண்டுப் படத்தின் சவாரி திறக்கப்பட்டது. இங்கே மாற்றம் நியாயமானது. ஆனால் எதனால் நியாயமாயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். புதிய படம் புகழ்பெற்றது என்பதால் அன்று. பழைய சவாரி ஒரு மக்கள்கூட்டத்தின் துயரத்தை விளையாட்டாக்கியிருந்தது என்பதால். ஆக, அளவுகோல் வேறெங்கோ இருக்கிறது. யாருடைய வாழ்வு சவாரிக்குள் இருக்கிறது, அவர்களுக்கு அதில் மரியாதை உண்டா என்பதே அளவுகோல். அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் சித்தூருக்கும் திருப்பதிக்கும் வர வேண்டும்.

இவ்வட்டாரத்துக்கு இறக்குமதிக் கற்பனை தேவைப்பட்டதே இல்லை. திரௌபதி உடனுறை தருமராசர் கோயில்களில் கோடையில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கிறது. பகலில் அரிகதை, இரவில் கூத்து. அருச்சுனன் தபசு நாளில் நடிகர் வானுயர்ந்த தபசுமரத்தில் ஏறுகிறார். கீழே பிள்ளைவரம் வேண்டுவோர் காத்திருக்கின்றனர். மேலிருந்து விழும் கனியும் பூவும் அவர்களுக்கு வரம். கடைசி நாளில் மண்ணால் செய்த துரியோதனன் திடலை அடைத்துப் படுத்திருக்கிறான்; வீமன் அவன் தொடையைப் பிளக்கிறான். உயரத்தின் அச்சம், காத்திருப்பின் இறுக்கம், வீழ்ச்சியின் விடுதலை என ஒரு சவாரி தரக்கூடிய அத்தனை மெய்ப்பாடுகளும் இங்கு உண்டு. ஒரு வேறுபாடு: ஏறுபவர் ஒருவர், இறங்குவது ஊர் முழுவதற்கும்.

திருப்பதி தாத்தய்யகுண்டா கங்கம்மாவின் ஜாதரை இன்னும் வியப்புக்குரியது. ஊரில் பெண்களைச் சூறையாடிய பாளையக்காரன் ஒருவனைத் தேடி அம்மன் வேடத்துக்கு மேல் வேடமாக மாற்றிக்கொண்டு அலைந்தாள் என்பது கதை. அதனால் ஒரு வார காலம் நகரத்தின் தெருக்களில் பைராகி, தோட்டி, தொர, மாதங்கி என நாளுக்கொரு வேடம் நடக்கிறது. அம்மனின் வேடத்தைக் கைகால குடும்பத்து ஆண்கள் வழிவழியாக ஏற்கின்றனர். நேர்ந்துகொண்ட ஆண்கள் புடைவை உடுத்து, பூச்சூடிக் கோயிலுக்கு வருகின்றனர். வேறு நாளில் சொன்னால் சண்டையாகும் வசவுச்சொற்கள் அவ்வாரத்தில் வழிபாடாகின்றன. ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் இந்த ஜாதரையைப் பற்றி 2013இல் எழுதிய நூலுக்கு, உலகம் பெண்ணாகும் பொழுது என்று பொருள்படும் தலைப்பை இட்டது பொருத்தமே. புடைவை உடுத்த ஆண் அங்கே வீரம் காட்ட வரவில்லை. தன் ஆண்மையைச் சில நாழிகை இறக்கிவைக்க வருகிறான்.

2024 டிசம்பரில் வெளிவந்த 'புஷ்பா 2' இந்த ஜாதரையை நாடெங்கும் கொண்டுசேர்த்தது. நாயகன் புடைவையும் நீலப்பூச்சும் கொண்டு ஆடும் காட்சி, திருப்பதியைக் கேள்விப்படாத ஊர்களிலும் கைத்தட்டல் பெற்றது. இயக்குநர் சுகுமாருக்கு அக்காட்சியை எடுக்க முழு உரிமை உண்டு; கலை எடுத்தாள்வதால் வளர்வது. சித்தூர் வட்டாரத் தெலுங்கை, ஏளனத்துக்குரிய துணைப்பாத்திரத்தின் பேச்சாக அன்றி, நாயகனின் பேச்சாக நிறுத்தியது 2021இல் வந்த முதற்பாகத்தின் சாதனை என்பதையும் மொழியியலார் மறுக்க மாட்டார்கள். ஆனால் படத்தில் அவ்வேடத்துக்கு நேர்ந்த பொருள்மாற்றத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஆண்மையை இறக்கிவைக்கும் சடங்கு, ஆண்மையின் உச்சத்தைக் காட்டும் காட்சியாகிவிட்டது. திரையில் அது ஒரு வாசிப்பு, ஏற்கலாம், மறுக்கலாம். அதுவே நாளை சவாரியாக, நிழற்படம் எடுக்கும் இடமாக, தெருவின் அலங்கார வளைவாகச் சிமெண்டில் நின்றுவிட்டால், அது வாசிப்பு என்ற நிலையை இழந்து மூலமாகிவிடும். கைகால குடும்பத்து ஆண் ஒருவர் வேடமிட்டுத் தெருவில் வருகையில், இவர் படத்தில் வருவதுபோல் இல்லையே என்று ஒரு குழந்தை சொல்லும் நாளில், நார்வேயின் வீட்டுக்குள் அரெண்டெல் குடியேறிவிட்டது என்று பொருள்.

அது மட்டுமன்று. அப்படங்களின் கதைக்களம் சேஷாசலக் காடு. கதைப்பொருள் செம்மரக் கடத்தல். திரையில் தோன்றும் காட்டின் பல காட்சிகள் கோதாவரிப் பக்கத்து மாரேடுமில்லியில் எடுக்கப்பட்டவை. திரைக்கு அது குற்றமன்று. ஆனால் மெய்யான சேஷாசலத்துக்கு மெய்யான வரலாறு உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதி மலையின் அடிவாரக் காட்டில், செம்மரக் கடத்தலைத் தடுக்க அமைக்கப்பட்ட ஆந்திரச் சிறப்புப்படை தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேரைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் ஏழைக் கூலித் தொழிலாளர்கள். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. போலி மோதல் என்று மனித உரிமை அமைப்புகள் கூறின. தேசிய மனித உரிமை ஆணையம் விசாரணையில் இறங்கியது. மரத்தை வெட்டியவன் இறந்தான். மரத்தை விற்றவன் எங்கோ இருந்தான். இந்த மண்ணில், செம்மரக் கட்டை ஏற்றிய லாரியில் துப்பாக்கிக் குண்டுகளுக்குத் தப்பி ஓடும் ஒரு சவாரி அமைந்தால், அதில் ஏறிச் சிரிக்கும் குழந்தையின்மீது குற்றமில்லை. அதை அமைத்தவர்மீது உண்டு. 'ஸ்பிளாஷ் மவுண்டன்' ஏன் இறக்கப்பட்டதோ, அதே காரணத்தால் அது ஏற்றப்படவே கூடாது. அமெரிக்கா எழுபத்தேழு ஆண்டுகள் கழித்துக் கற்ற பாடத்தைத் திருப்பதி முதல்நாளிலேயே கற்றுக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது.

இனி உரிமைக் கணக்கு. திரைப்படச் சவாரி அமைப்பவர் படநிறுவனத்துக்கு உரிமத்தொகை செலுத்துகிறார். நாயகனின் தோற்றத்துக்கு விலை உண்டு. பாடலுக்கு விலை உண்டு. அத்தோற்றம் எங்கிருந்து எடுக்கப்பட்டதோ அந்தத் தெருவுக்கு விலை இல்லை. திருப்பதி லட்டுக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறெவரும் அப்பெயரில் லட்டு விற்க முடியாது. காளத்திக் கலம்காரித் துணிக்கும் அக்காப்பு உண்டு. உண்ணும் பண்டத்துக்கும் உடுக்கும் துணிக்கும் கிடைத்த காப்பு, வேடத்துக்கும் கூத்துக்கும் கிடைக்கவில்லை. யுனெஸ்கோவின் பருப்பொருளற்ற பண்பாட்டு மரபு உடன்படிக்கை 2003இல் உருவானது. இந்தியாவும் அதில் சேர்ந்தது. ஆனால் அது மரபைப் பட்டியலிட்டுப் பேணச் சொல்கிறதே தவிர, மரபை எடுத்து விற்பவரிடம் பங்கு கேட்கும் வழியைச் சமூகத்துக்குத் தருவதில்லை. ஆக, தெருவிலிருந்து இலவசமாக எடுக்கப்பட்ட பொருள், திரையைச் சுற்றிவந்து, நுழைவுச்சீட்டு விலையோடு அதே தெருவுக்கு விற்கப்படுகிறது. வட்டமடிக்கும் இந்தச் சவாரியில் பணம் மட்டும் வட்டமடிப்பதில்லை. ஒரே திசையில் போகிறது.

இங்கு ஒரு மறுப்பு எழும். அது வலுவான மறுப்பு. மக்கள் தாமே சினிமாவை விரும்புகிறார்கள். ஜாதரையின் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஒலிக்கிறது. கூத்துக் கலைஞரே திரைமெட்டில் விருத்தம் பாடுகிறார். பொருட்காட்சியின் பழைய குடை ராட்டினத்தின் தகரத்தில்கூட நடிகர்களின் முகங்கள் வரையப்பட்டிருந்தன. இதில் தூய்மையைத் தேடுவது மேட்டுக்குடியின் சலிப்பு என்பதே அம்மறுப்பு. இதில் உள்ள செய்திகள் அனைத்தும் உண்மை. முடிவு மட்டும் பிழை. கூத்துக் கலைஞர் திரைமெட்டை எடுக்கும்போது, அதை எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது, எப்போது கைவிடுவது என்று முடிவெடுப்பவர் அவரே. அடுத்த ஆண்டு வேறு மெட்டு வரும். துரியோதனன் அப்படியே விழுவான். குடை ராட்டினத்தின் தகரத்தில் நடிகரின் முகம் மாறும். குதிரை அப்படியே சுற்றும். இது கடன்வாங்கல். மொழிகள் வாழ்வதே இப்படித்தான். சித்தூரின் தமிழும் தெலுங்கும் ஒன்றிடமிருந்து ஒன்று கடன்வாங்கியே செழித்தவை. திரைப்படம் இடத்தையே பிடித்துக்கொண்டு, உரிம ஒப்பந்தத்தின்படி ஒரு வண்ணத்தைக்கூட உள்ளூரார் மாற்ற முடியாத நிலையை உண்டாக்குவது கடன்வாங்கல் ஆகாது. அதற்கு மொழியியலில் மொழிப்பெயர்வு என்று பெயர்: ஒரு சமூகம் தன் மொழியை விட்டு மற்றொன்றுக்கு முற்றிலும் பெயர்ந்துபோதல். கடன்வாங்கலைக் காட்டி மொழிப்பெயர்வை நியாயப்படுத்துவது, வீட்டுக்கு விருந்தினர் வந்ததைக் காட்டி வீட்டை எழுதிவாங்குவதற்கு ஒப்பாகும்.

அவ்வாறாயின் பழையவற்றை என் செய்வது? சந்திரகிரிக் கோட்டையை எடுத்துக்கொள்ளலாம். விசயநகரத்தின் இறுதிக்கால அரசர்கள் தங்கியிருந்து ஆண்ட கோட்டை அது. அங்கே ஆந்திரச் சுற்றுலாத் துறை மாலை வேளையில் ஒலி–ஒளிக் காட்சி நடத்திவந்தது. ஒலி–ஒளிக் காட்சி என்ற வடிவம் 1952இல் பிரான்சின் ஷாம்போர் அரண்மனையில் பிறந்தது. எழுபது ஆண்டைக் கடந்த கலை. கைப்பேசித் திரையில் வளர்ந்த தலைமுறைக்கு அது மந்தமாகத் தோன்றினால் வியப்பில்லை. அதைப் புதுப்பிக்கத்தான் வேண்டும். புதுப்பிக்கும் கை மூன்று வினாக்களுக்கு விடை சொல்லட்டும். முதலாவது, புதிய காட்சியைப் பார்த்து வெளியேறுபவருக்கு இந்த இடத்தைப் பற்றி முன்பு தெரியாத ஒன்றாவது தெரிந்திருக்குமா? இரண்டாவது, இதில் யாருடைய வாழ்வு காட்சியாகிறதோ, அவர்களுக்கு இதை மறுக்கும் உரிமையும் வருவாயில் பங்கும் உண்டா? மூன்றாவது, பயன்படுத்தப்படும் கதையின் புகழ் மங்கிய பிறகும் இந்தப் பொறி தன் காலில் நிற்குமா? கடற்கொள்ளையர் சவாரி மூன்றாவது தேர்வில் வென்றது. 'மேல்ஸ்ட்ராம்' இடத்தில் வந்தது முதல் தேர்விலேயே தோற்றது. செம்மரச் சவாரி ஒன்று வருமானால் மூன்றிலும் தோற்கும். இம்மூன்றிலும் தேறும் திரைப்படம் ஒன்று வந்தால் அதை வரவேற்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

இவ்வினாக்களைக் கேட்க வேண்டியவர் யார்? சுற்றுலாத் துறையின் ஒப்பந்தப்புள்ளி இவற்றைக் கேட்காது. திருப்பதியில் 1954இல் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக்கழகம் இருக்கிறது. குப்பத்தில், தென்மொழிகளுக்கென்றே 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டிலும் தமிழும் தெலுங்கும் அருகருகே பயிலப்படுகின்றன. கங்கம்மாவின் வேடங்களுக்கும் வசவுகளுக்கும் ஒரு சொல்லடைவு, பதினெட்டு நாள் பாரதத்தின் முழு ஒலிப்பதிவு, தபசுமரம் ஏறும் கலைஞர்களின் வாய்மொழி வரலாறு, ராட்டினம் ஓட்டும் குடும்பங்களின் தொழிற்சொற்கள் ஆகியவற்றைத் தொகுப்பது இப்பல்கலைக்கழகங்களின் மாணவர்களுக்கு எட்டாத பணியன்று. மூலம் பதிவாகியிருந்தால் மேற்கோள் மூலமாக நடிக்க முடியாது. பதிவு இல்லாத இடத்தில், படமே ஆவணமாகிவிடுகிறது. முப்பது ஆண்டு கழித்து வரும் ஆய்வாளர், ஜாதரை எவ்வாறு நடந்தது என்று அறியப் படத்தின் குறுவட்டைத் தேடுவார். அந்த அவலத்துக்குத் திரைத்துறை பொறுப்பாகாது. எழுதக் கற்றும் எழுதாமல் இருந்தவர்களே பொறுப்பாவர்.

கங்கம்மா ஜாதரையின் கடைசி இரவில் கோயில் முன்பு களிமண்ணால் அம்மனின் விசுவரூபம் எழுப்பப்படுகிறது. விடியலில் அது கலைக்கப்படுகிறது; அந்த மண்ணைப் பக்தர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். மறு ஆண்டு புதிய மண்ணில் புதிய முகம் எழும். பழையதை நீக்குவது எப்படி என்பதை இந்த ஊருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. உடைத்தவரும் ஊரார், மண்ணைப் பெற்றவரும் ஊரார், மறு ஆண்டு மீண்டும் பிசைபவரும் ஊரார். திருப்பதியில் எந்த ராட்டினத்தை இறக்கினாலும், எந்தத் திரையை ஏற்றினாலும், கலைத்த மண் யார் கைக்குப் போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.